மிஸ் திருத்தியதே தப்பு என்றால்: டைரியா, நேரிலா, ஹெச்.எம். அறையா?

ஐந்தாம் வகுப்புக் கணக்கு நோட்டு. ஒரு பக்கத்தில் ஆறு உருவங்கள். 'செவ்வகங்களுக்கு டிக் போடு' என்பது கேள்வி. மகள் மூன்றுக்குப் போட்டிருந்தாள். அதில் ஒன்று சதுரம். அந்தச் சதுரத்தின் மேல் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி, பக்கத்தில் 'கவனம்!' என்று ஒரு சொல், கீழே அரை மார்க் குறைப்பு. மிஸ் அழுத்தி எழுதுகிறவர் போலிருக்கிறது. தாளைத் திருப்பித் தடவினால் அந்தப் பெருக்கல் குறி விரலில் தட்டுப்பட்டது.

"சதுரத்துக்கு ஏன் டிக் போட்ட?" என்று கேட்டேன்.

"நாலு மூலையும் செங்கோணம். எதிர் எதிர்ப் பக்கம் சமம். செவ்வகம்னா அதுதானேப்பா?"

வகுப்பிலும் இதையேதான் சொல்லியிருக்கிறாள். "சதுரத்தைப் போய் செவ்வகம்ங்கிற, கண்ணு தெரியலையா?" என்று மிஸ் கேட்க, வகுப்பே சிரித்திருக்கிறது. இவள் உட்கார்ந்துவிட்டாள்.

அன்று ராத்திரி வீட்டில் ஆளுக்கொரு யோசனை. டைரியில் எழுதி அனுப்பலாம் என்றாள் மனைவி. "டீச்சர் ஒண்ணு சொன்னா காரணம் இருக்கும். அரை மார்க்குக்காகப் பள்ளிக்கூடத்து வாசல்ல போய் நிக்காதே" என்றார் அம்மா. போனில் அக்கா, "நேரா ஹெச்.எம். ரூமுக்குப் போ. இப்ப விட்டா வருஷம் பூரா இப்படித்தான்" என்றாள். மகள் மட்டும் ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டாள்: "வேணாம்ப்பா."

இந்த யோசனைகளில் சிலதை நானே செய்து பார்த்தேன். மற்றதை உறவிலும் அக்கம்பக்கத்திலும் செய்தவர்களுக்கு என்ன ஆனது என்று அருகிலிருந்து பார்த்தேன். எது எதற்கு ஆகும் என்று எனக்குப் பட்டதை எழுதுகிறேன். என் வேலை அச்சகத்தில் புரூஃப் பார்ப்பது. நாள் முழுக்க அடுத்தவர் எழுதியதில் சிவப்பு மை வைக்கிறவன் என்பதால் மிஸ் மேல் எனக்குக் கொஞ்சம் பரிவு உண்டு. அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

போவதற்கு முன் ஒரு டீக்கடைக் கதை

சில வருஷங்களுக்கு முன் ஒரு கும்பாபிஷேக மலர் வேலைக்கு வந்தது. முதல் கட்டுரையை எழுதியவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். பக்கத்துக்குப் பக்கம் 'கோயில்' என்று எழுதியிருந்தார். எனக்கோ இலக்கணம் தெரியும் என்ற மிதப்பு. இரண்டு உயிரெழுத்து சேரும் இடத்தில் நடுவே வந்து ஒட்டவைக்கும் மெய்தான் உடம்படுமெய். இ, ஈ, ஐ இவற்றுக்குப் பின்னால் அது யகரம், மற்ற உயிர்களுக்குப் பின்னால் வகரம் என்கிறது நன்னூல். ஏகாரத்துக்கு மட்டும் இரண்டும் ஆகும். ஆகவே கோ + இல் 'கோவில்'தான். அறுபது இடத்துக்கு மேல் யகரத்தை அடித்து வகரம் போட்டேன்.

மறுநாள் அவர் அச்சகத்துக்கு வந்தார். முதலாளி அறையைத் தாண்டித்தான் என் மேஜைக்கு வர வேண்டும். அவர் உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. என்னை வாசல் டீக்கடைக்கு அழைத்துப் போய், மஞ்சள் பையிலிருந்து திருவாசகத்தை எடுத்து உள்ளடக்கப் பக்கத்தை விரித்தார். கோயில் மூத்த திருப்பதிகம், கோயில் திருப்பதிகம். "விதி நீங்க சொன்னதுதான் தம்பி. ஆனா ஆயிரம் வருஷத்துக்கு மேலா வழக்கு இப்படியும் இருக்கு. அறநிலையத் துறை போர்டுல திருக்கோயில்னுதானே எழுதியிருக்கான்?" என்றார். டீக்காசையும் அவரே கொடுத்தார். நான் திரும்பிப் போய் அத்தனை இடத்திலும் என் திருத்தத்தைத் திருத்தினேன். முதலாளிக்கு இன்றுவரை தெரியாது.

அந்த டீக்கடையை நான் மறக்கவில்லை. தப்பாகத் திருத்தியவன் எப்போது ஒத்துக்கொள்வான் என்பதை அங்கேதான் கற்றுக்கொண்டேன். வேடிக்கை பார்க்க ஆள் இருக்கக் கூடாது, புத்தகம் திறந்திருக்க வேண்டும். அவர் முதலாளி அறைக்குப் போயிருந்தால் நான் நன்னூலைத் தூக்கிக்கொண்டு கடைசிவரை வாதாடியிருப்பேன். விதி என் பக்கம்தானே இருந்தது!

அந்தக் கதையில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. இரண்டுமே சரி என்ற இடங்கள் நிறைய உண்டு. மகள் விஷயத்திலும் கிளம்புவதற்கு முன் தேடிப் பார்த்தேன். என்.சி.இ.ஆர்.டி. எட்டாம் வகுப்புக் கணக்கில் நாற்கரங்கள் பற்றிய பாடம், சதுரம் என்பது பக்கங்கள் சமமான செவ்வகம்தான் என்கிறது. ஆஹா என்று நிமிர்ந்த கையோடு பழைய கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் குறுக்கே வந்தார். கி.மு. 300 வாக்கில் எழுதிய 'எலிமென்ட்ஸ்' நூலின் முதல் பாகத்தில், 22ஆவது வரையறையில் மனுஷன் தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறார். செங்கோணமும் இருந்து பக்கங்களும் சமமாக இருந்தால் சதுரம். செங்கோணம் இருந்தும் பக்கங்கள் சமமில்லாவிட்டால் நீள்சதுரம். அவர் கணக்கில் சதுரம் வேறு, இது வேறு. ஆக மிஸ் யூக்ளிட் கட்சி, என் மகள் இன்றைய கணிதத்தின் கட்சி. மிஸ் யூக்ளிட்டைப் புரட்டிவிட்டா பெருக்கல் குறி போட்டார் என்று கேட்காதீர்கள். ஆனால் "உங்களுக்கு அடிப்படையே தெரியாதா" என்று நான் போய்க் கேட்டிருந்தால் எனக்குத்தான் அசிங்கம்.

தப்பான திருத்தம் என்று வீட்டுக்கு வருவதெல்லாம் ஒரே சரக்கு இல்லை. மாவட்டங்களின் எண்ணிக்கை போலத் தகவலே பழசாக இருப்பது ஒன்று. கோயில், கோவில் போல இரண்டும் செல்லுபடியாவது ஒன்று. சதுரம் போல வகுப்புக்கு வகுப்பு வரையறை விரிவது ஒன்று. 'விடை சரி, ஆனா நான் சொல்லித் தந்த வழி இல்லை' என்பது இன்னொன்று. இவற்றோடு ஒட்டாமல் தனியாக நிற்பது அந்தச் சிரிப்பு. சதுரம் ஒரு புகார், 'கண்ணு தெரியலையா' இன்னொரு புகார். ரெண்டையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு போனால் எதற்காக வந்தோம் என்பது நமக்கே மறந்துவிடும்.

அம்மா சொன்னபடி விட்டுவிடுவது

கேலியாகச் சொல்லவில்லை, பாதிக்கு மேற்பட்ட சமயங்களில் இதுதான் சரியான வழி. நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் வகுப்பு நோட்டு, வீட்டுப்பாட நோட்டு என்று ஒரு பாடத்துக்கே எண்பது நோட்டு. நோட்டுக்கு ஒரு நிமிஷம் என்றாலும் எண்பது நிமிஷம். ஐந்தாம் வகுப்புவரை பெரும்பாலும் ஒரே டீச்சர்தான் எல்லாப் பாடத்துக்கும். கை தவறுவதும் கண் தவறுவதும் இதில் சகஜம். மாசத்தில் ஒரு டிக் மாறி விழுந்ததற்கெல்லாம் கிளம்ப வேண்டியதில்லை.

ஆனால் விடுவது என்றால் பள்ளிக்கூடத்தில் விடுவதுதான், வீட்டில் இல்லை. "நீ சொன்னது சரி, இதோ பார்" என்று பிள்ளைக்குப் புத்தகத்தைக் காட்டிவிட வேண்டும். அதோடு நிறுத்திக்கொள்ளவும் வேண்டும். அதற்கு மேல் "உங்க மிஸ்ஸுக்கு ஒண்ணும் தெரியல" என்று ஒரு வார்த்தை போனாலும் வினைதான். ஒன்று முதல் ஐந்து வகுப்புக்கு வருஷத்தில் குறைந்தது 200 வேலை நாள் என்கிறது கல்வி உரிமைச் சட்டம். அந்த 200 நாளும் அந்த முகத்தைப் பார்த்துத்தான் பிள்ளை உட்கார வேண்டும். நாம் ராத்திரி சொன்னதை மனசில் வைத்துக்கொண்டு காலையில் அவள் எந்தக் காதால் பாடம் கேட்பாள்?

தப்பு கரும்பலகையில் ஏறி, மொத்த வகுப்பும் அதை எழுதிக்கொண்டிருந்தால் மட்டும் இந்த வழி ஆகாது. அப்போது நம் பிள்ளைக்கு மட்டும் வீட்டில் சரிசெய்துவிட்டுப் பேசாமல் இருப்பது எனக்கு உறுத்தலாகத்தான் இருக்கும்.

அக்கா போன ஹெச்.எம். அறை

அக்கா எனக்குச் சொன்னது அவள் செய்ததைத்தான். அக்கா மகன் ஆறாம் வகுப்புப் படித்தபோது 98 × 5 என்ற கணக்கை 500இல் 10 போனால் 490 என்று ஒரே வரியில் முடித்திருந்தான். மனக்கணக்கில் கெட்டிக்காரன். கணக்கு சார் அடித்துவிட்டார். ஒன்றன்கீழ் ஒன்று எழுதி, கைமாற்று எண் போட்டுச் செய்யாததால் தப்பு. அக்கா மறுநாளே ஹெச்.எம். அறையில் உட்கார்ந்துவிட்டாள். ஹெச்.எம். ஆள் அனுப்பி சாரை வரவழைத்தார். அக்கா நாற்காலியில், சார் நின்றுகொண்டு. சார் "சாரிங்க மேடம்" என்றார். மார்க்கும் வந்தது.

அதன் பிறகு அவன் நோட்டில் டிக் தவிர வேறு எதுவும் விழவில்லை. 'நன்று' இல்லை, 'மீண்டும் எழுது' இல்லை, அடித்தல் இல்லை. பையனுக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒரு நாள் வேண்டுமென்றே 7 × 8 = 54 என்று எழுதி நீட்டியிருக்கிறான். டிக்! சார் அவனைத் திட்டவில்லை, பழிவாங்கவில்லை, ஒன்றுமே செய்யவில்லை. அந்த ஒன்றும் செய்யாததுதான் வருஷம் முழுக்க அவனுக்குக் கிடைத்தது.

தனியார் பள்ளி என்றால் இன்னொரு கணக்கும் இருக்கிறது. அங்கே நிறைய டீச்சர்களுக்கு அடுத்த ஜூனில் வேலை இருக்குமா என்பது தாளாளர் கையில். நாம் எழுப்புவது ஒரு சதுரத்தைப் பற்றிய சந்தேகம். அது அந்த அறைக்குள் போனதும் 'பேரன்ட்ஸ் கம்ப்ளைன்ட்' என்று பெயர் மாறி ஒரு கோப்பில் உட்கார்ந்துகொள்ளும். அரசுப் பள்ளியில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும் என்பது சட்டம். நல்ல ஏற்பாடு. கழிப்பறைக்கும் குடிதண்ணீருக்கும் டீச்சர் பற்றாக்குறைக்கும் அங்கே பேசலாம். அரை மார்க்கை அங்கே கொண்டுபோனால் சிரிப்பார்கள்.

மேலே போயே ஆக வேண்டிய இடங்களும் உண்டு, அவற்றில் தயங்கக் கூடாது. அடித்தாலும், உடம்பையோ சாதியையோ சொல்லிப் பேசினாலும், நேரில் போய்ச் சொன்ன பிறகு பிள்ளையைக் குறிவைத்தாலும் அது திருத்தல் தகராறு இல்லை. உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு நேராகவே தடை செய்கிறது. ஹெச்.எம். கேட்கவில்லையென்றால் தமிழ்நாட்டில் பள்ளிக் கல்வித் துறையின் 14417 இருக்கிறது, குழந்தைகளுக்கான 1098 இருக்கிறது. என் மகளுக்கு நடந்ததை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அவள் கண்ணாடி போட்ட பிள்ளையாக இருந்து அதே கேள்வியை மிஸ் கேட்டிருந்தால் சேர்த்திருப்பேன்.

பிள்ளையே போய்க் கேட்பது

அக்கா மகன் ஒரு வருஷம் வெறும் டிக் வாங்கியவன் இல்லையா, ஏழாம் வகுப்பில் அடுத்த பிரச்சினை வந்தபோது வீட்டில் மூச்சுவிடவில்லை. தமிழ்நாட்டில் எத்தனை மாவட்டங்கள் என்ற கேள்விக்கு 38 என்று எழுதியிருந்தான். மிஸ் அடித்துவிட்டு 32 என்று போட்டிருந்தார். இதில் யூக்ளிட்டுக்கெல்லாம் வேலை இல்லை. 2019இல் கள்ளக்குறிச்சி, தென்காசி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று ஐந்து மாவட்டங்கள் பிறந்தன. 2020 டிசம்பரில் மயிலாடுதுறை. 32 என்பது அதற்கு முந்தைய கணக்கு. மிஸ் கையில் இருந்தது யாரோ விட்டுப்போன பழைய நோட்ஸ்.

பையன் வகுப்பில் எழுந்து நிற்கவில்லை. இன்டர்வெலில் ஸ்டாஃப் ரூம் வாசலில் போய் நின்று, "மிஸ், ஒரு டவுட்டு" என்று ஆரம்பித்திருக்கிறான். "எங்க தாத்தா ஊரு தென்காசி. முன்னாடி திருநெல்வேலி மாவட்டம்னு போடுவாங்க. இப்ப வீட்டு வரி ரசீதுல தென்காசி மாவட்டம்னே வருது. அதைச் சேர்த்தா 32 எப்படி மிஸ் வரும்?" மிஸ் அங்கேயே போனை எடுத்துத் தேடிப் பார்த்துவிட்டு, அடுத்த பீரியடில் போர்டில் 38 என்று எழுதி எல்லாரையும் மாற்றிக்கொள்ளச் சொன்னார். யார் கேட்டது என்று சொல்லவில்லை. பையனும் சொல்லிக்கொள்ளவில்லை. எங்களுக்கே தீபாவளிக்குத்தான் தெரிந்தது, அதுவும் அவன் தாத்தாவிடம் அளந்துகொண்டிருந்தபோது.

எல்லா வழியிலும் எனக்கு ஒசத்தியாகப் படுவது இதுதான். செலவில்லை, யாருக்கும் தலை குனிவில்லை, மொத்த வகுப்புக்கும் திருத்தம் போய்ச் சேர்ந்தது. டீக்கடைத் தமிழாசிரியர் செய்ததை ஒரு பன்னிரண்டு வயதுப் பையன் யாரும் சொல்லித் தராமல் செய்திருக்கிறான். "நீங்க தப்பு" என்று போகாமல் "எனக்கு இடிக்குது" என்று போனான். பாதி வேலை அதிலேயே முடிந்துவிட்டது.

ஆனால் எல்லாப் பிள்ளைக்கும் இது வராது. மூன்றாம் வகுப்புக்குக் கீழே என்றால் கேட்கவே வேண்டாம். என் மகள் 'வேணாம்ப்பா' என்றவள், பிறகு மனசு மாறி நானே கேட்கிறேன் என்றாள். எப்படிக் கேட்பது என்று வீட்டில் ஒத்திகைகூடப் பார்த்தோம், நான்தான் மிஸ். திங்கட்கிழமை கேட்டால் "மிஸ் லீவு". செவ்வாய், "பி.டி. பீரியட் வந்துடுச்சு". புதன், "மறந்துட்டேன்". வியாழனன்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அந்த வாரம் கணக்கு வகுப்பில் அவள் ஒரு தடவைகூடக் கை தூக்கவில்லை என்று பக்கத்து பெஞ்சுத் தோழி என் மனைவியிடம் சொன்னாள். அரை மார்க்கை நான் அதற்குள் மறந்திருந்தேன். இதைக் கேட்டதும் போக வேண்டியதுதான் என்று தோன்றியது.

டைரி, அப்புறம் அந்த வாட்ஸ்அப் குரூப்

டைரியை மனைவி சொன்னதால் ஒரு வரி. எழுத்துக்குக் குரல் கிடையாது. 'தயவுசெய்து இத்திருத்தத்தை மறுபரிசீலனை செய்யவும்' என்று நாம் பணிவாக எழுதினாலும், நாற்பது நோட்டுக்கு நடுவே அதைப் படிக்கிறவருக்கு வக்கீல் நோட்டீஸ் மாதிரிதான் கேட்கும். அதைச் சுமந்துகொண்டு போய் நீட்டுகிற ஆள் யார்? பிள்ளை. மிஸ் படிக்கும்போது அந்த முகத்தை முதலில் பார்க்கப் போவதும் அவள்தான். 'சந்திக்க வேண்டும், எப்போது வரலாம்?' என்று கேட்க மட்டும் டைரி போதும்.

வகுப்புப் பெற்றோர் குரூப்பில் போடுவது பற்றி எதிர் வீட்டில் நடந்ததைச் சொன்னாலே போதும். அவர்கள் பையன், இந்தியாவுக்குத் தேசிய மொழி கிடையாது என்று எழுதியிருந்தான். மிஸ் அடித்துவிட்டு 'இந்தி' என்று போட்டிருந்தார். பையன் சொன்னது சரி. அரசியல் சட்டத்தின் 343ஆம் பிரிவு இந்தியை ஒன்றியத்தின் அலுவல் மொழி என்கிறது. தேசிய மொழி என்று எந்த மொழியையும் சொல்லவில்லை. எட்டாவது அட்டவணையில் 22 மொழிகள் இருக்கின்றன. அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து எதிர் வீட்டம்மா குரூப்பில் போட்டார். அரை மணி நேரத்தில் பேச்சு 1965க்குப் போய்விட்டது. ஒருத்தர் மொழிப்போர் தியாகிகள் படம் போட்டார். இன்னொருத்தர், பிள்ளைகள் இந்தி படித்தால் என்ன கெட்டுப்போகும் என்றார். ராத்திரி பதினொன்றுக்குள் ரெண்டு பேர் குரூப்பை விட்டு வெளியேறினார்கள். மிஸ்ஸும் அதே குரூப்பில் இருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. பையனின் மார்க்கைப் பற்றி அவன் அம்மா உட்பட யாரும் அதற்கப்புறம் கேட்கவில்லை. வகுப்பில் அவனுக்கு 'குரூப்பு' என்று பட்டப்பெயர் வந்ததுதான் மிச்சம். நான் சரி என்று நாற்பது குடும்பத்துக்குத் தெரிந்தாக வேண்டும் என்கிற ஆசை இருந்தால் ஒழிய அந்தப் பக்கம் போக வேண்டாம்.

நேரில்

இதற்குத்தான் அதிகச் செலவு. ஆபீஸுக்குப் போன் போட்டுக் கேட்டதில், மிஸ்ஸுக்கு வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட் ஓய்வு என்றார்கள். எனக்கு அரை நாள் பர்மிஷன். தினக்கூலிக்குப் போகிறவருக்கு அது அரை நாள் சோறு. பெற்றோரிடம் பேசுவது ஆசிரியரின் கடமைகளில் ஒன்று என்று அதே கல்வி உரிமைச் சட்டம், 24ஆம் பிரிவில் சொல்கிறது. ஆனால் நாலாவதோடு நின்றுவிட்ட அப்பாவுக்கு ஸ்டாஃப் ரூம் வாசல்படி எவ்வளவு உயரம் என்பது சட்டத்தில் இல்லை. அப்படிப்பட்டவர்கள் டியூஷன் எடுக்கும் பெண்ணையோ, படித்த சித்தப்பாவையோ கூட்டிக்கொண்டு போவதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை. ஒரே ஒருத்தரை மட்டும் கூட்டிப் போங்கள். மூன்று பேராகப் போனால் அது வேறு மாதிரித் தெரியும்.

நான் கொண்டுபோனது அந்த நோட்டு மட்டும். போவதற்கு முன் ஒன்று செய்திருந்தேன். புரூஃபில் எழுதியவர் சொல்வதும் சரியாக இருக்கலாம் என்று சந்தேகம் வந்தால் நாங்கள் அடிக்க மாட்டோம். ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டு விடுவோம், அவர் பார்த்து முடிவு செய்வார். மிஸ்ஸின் சிவப்புப் பெருக்கல் குறிக்குப் பக்கத்தில் அப்படி ஒன்று போட்டிருந்தேன்.

மிஸ் ஒரு நோட்டுக் கோபுரத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். என் மகள் வயதில் அவருக்கும் ஒரு பிள்ளை இருக்கும் போல, மேஜையில் சின்ன டிபன் பாக்ஸ். நோட்டை நீட்டி, "இவ இதை ஏன் செவ்வகம்னு சொல்றான்னு எனக்கும் பதில் சொல்லத் தெரியல மிஸ், நீங்க கொஞ்சம் பாருங்க" என்றேன். அது முழுப் பொய்யும் இல்லை, யூக்ளிட் என்னை அந்த அளவுக்குக் குழப்பித்தான் வைத்திருந்தார்.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அவ சொல்றது தப்புன்னு சொல்ல முடியாது சார்" என்றார். "ஆனா இந்த வகுப்புல ரெண்டையும் தனித்தனியாப் பாத்து அடையாளம் சொல்லத் தெரியணும். ரெண்டும் ஒண்ணுன்னு இப்பவே போர்டுல எழுதினா, பாதிப் பிள்ளைங்க செவ்வகத்தையும் சதுரம்னு எழுதிடும். போன வருஷம் அப்படித்தான் ஆச்சு." இது நான் யோசிக்காத காரணம். அவர் அன்றைக்கு வகுப்பில் யோசித்துத்தான் அடித்தாரா, இப்போது தோன்றியதா தெரியாது. தெரிந்தும் என்ன ஆகப்போகிறது?

கிளம்பும்போது அந்த இன்னொரு புகாரைச் சொன்னேன். "அன்னிக்கு எல்லாரும் சிரிச்சிட்டாங்களாம். அதுலேர்ந்து கணக்குல கை தூக்க மாட்டேங்குறா."

"கண்ணு தெரியலையான்னா கேட்டேன்?" என்றார். நான் அந்த வார்த்தையைச் சொல்லவே இல்லை. அவருக்கே ஞாபகம் இருந்திருக்கிறது. அதற்கு மேல் அவரும் பேசவில்லை, நானும் நிற்கவில்லை.

திங்கட்கிழமை நோட்டு வந்தது. பெருக்கல் குறி அப்படியே. அரை மார்க் வரவில்லை. என் கேள்விக்குறிக்குக் கீழே பென்சிலில் பொடி எழுத்தில் ஒரு வரி: 'மேல் வகுப்பில் வரும். நல்ல கேள்வி.' இந்த முறை அழுத்தம் இல்லை.

மகள் அதைப் படித்துவிட்டுக் கேட்டாள்: "அப்ப மேல் வகுப்பு வர்ற வரைக்கும் இது தப்பாப்பா?"

சரியான கேள்வி. பரீட்சையில் எதை எழுதுவது என்பதையும் சேர்த்துத்தான் கேட்கிறாள். மாவட்டங்கள் போன்ற விஷயம் என்றால் யார் அடித்தாலும் 38தான் எழுத வேண்டும் என்று சொல்லியிருப்பேன். இதற்கு அப்படிச் சொல்ல வரவில்லை. "இந்த வகுப்புல மிஸ் எதைக் கேக்குறாங்களோ அதுக்கு டிக் போடு. உனக்குத் தெரிஞ்சது உன்கிட்டயே இருக்கட்டும், அது எங்கேயும் போயிடாது" என்றேன். மனைவிக்கு இந்தப் பதில் பிடிக்கவில்லை. தெரிந்த பதிலை மறைக்கச் சொல்லித் தருகிறாயா என்று இன்னமும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது.

பருவத் தேர்வில் அதே மாதிரி ஒரு கேள்வி வந்தது. விடைத்தாளைக் கையெழுத்துக்குக் கொண்டுவந்தபோது பார்த்தேன். செவ்வகங்களுக்கு டிக் போட்டிருந்தாள். சதுரத்துக்கு டிக் இல்லை. ஓரத்தில், பென்சிலில், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு சின்னக் கேள்விக்குறி. மிஸ் அதை அழிக்கவில்லை.